செதுக்கோவியக் குழந்தைகளும் பீங்கான் கன்னங்களும்

ரொகோகோ என்ற நளினமான அலங்காரப் பாணியில் வந்த 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு செதுக்கோவியங்களில், அதாவது உலோகத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்களில், கொழுகொழு குழந்தைகள் நாய்க்குட்டியையோ ஆட்டுக்குட்டியையோ கொஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வெறும் அலங்காரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். அந்தக் குழந்தைகளின் உடம்பிலேயே பீங்கான் ஏறியிருக்கிறது.

ஓவியர் பிரான்ஸுவா பூஷே வரைந்த குழந்தைகள் செதுக்குத் தகடுகளுக்கும் போனார்கள், பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள வின்சென் பீங்கான் ஆலைக்கும் போனார்கள். 1750-களின் தொடக்கத்திலேயே மெருகு பூசாத வெள்ளைப் பீங்கானில், 'பிஸ்கட்' என்பார்களே, அதில் பொம்மைகளாகிவிட்டார்கள். 1756-இல் ஆலை செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது, அடுத்த வருடம் சிற்பி ஃபால்கொனே அதன் சிற்பப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார், பூஷேயின் குழந்தைகள் அங்கேயும் தொடர்ந்தார்கள். ஆக, பயணம் பெரும்பாலும் தாளிலிருந்து பீங்கானுக்குத்தான். ஆனால் அலமாரியில் பொம்மைகளைப் பார்த்துப் பழகிய கண் தாளிலும் அதையே தேடும் இல்லையா? குழந்தையையும் ஆட்டையும் ஒரு சின்ன மண்மேட்டில் உட்காரவைத்து, பின்னால் வெறும் தாளாக விட்டுவிடும் படங்களைப் பாருங்கள், அப்படியே எடுத்து மேசையில் வைக்கலாம் போலிருக்கும். சூளையில் பீங்கான் இளகும்போது கால் வளையாமலிருக்க, நிற்கும் பொம்மைக்குப் பக்கத்தில் மரக்கட்டை போல ஒன்றைப் பீங்கானிலேயே செய்து முட்டுக்கொடுப்பார்கள். தாளில் அதற்கு எந்த அவசியமும் கிடையாது, ஆனாலும் அப்படி ஒரு கட்டை தாளில் தென்பட்டால் எனக்கு உடனே பொம்மைதான் நினைவுக்கு வரும்.

அப்புறம், சுண்ணக்கட்டி ஓவியத்தை அச்சில் கொண்டுவரும் 'கிரேயான் பாணி' செதுக்கல். செதுக்குக் கலைஞர் கில் தெமார்த்தோ இதில் பெரிய கை. பல்சக்கரக் கருவியைத் தகட்டில் உருட்டிப் புள்ளி புள்ளியாகப் பதிப்பதால், சிவப்புச் சுண்ணக்கட்டியில் வரைந்தது போலவே அச்சு வரும், கூர்மையான கோடில்லாமல் கன்னம் உருண்டு நிழலுக்குள் போகும். மெருகில்லாத பீங்கானில் வெளிச்சம் விழுவதும் இப்படித்தான். ஓவியர் ழான்-பாப்டிஸ்ட் ஹுவே வரைந்த விலங்குகளையும் தெமார்த்தோ செதுக்கினார், அந்த ரோமத்துக்கு இந்த முறை இன்னும் அழகாகப் பொருந்துகிறது.

பூஷேயின் குழந்தைகள் ஒருவர்கூடப் பாடம் படிப்பதில்லை, எழுதுவதில்லை, உருப்படியான வேலை எதுவும் செய்வதில்லை என்று எழுத்தாளரும் கலை விமர்சகருமான திதெரோ 1765-இல் கடிந்து எழுதினார். சிறகு முளைத்த குழந்தைகளைப் பொறுத்தவரை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விலங்கு பக்கத்தில் வந்ததும் அந்தக் கைகளுக்கு வேலை வந்துவிடுகிறது: பிடிக்க வேண்டும், ஊட்ட வேண்டும், திமிறினால் விடாமல் இருக்க வேண்டும். ஹுவேயை நான் பூஷேக்கு மேலே வைப்பது இதனால்தான்.

பாரிஸ் போகிறவர்கள் கார்னவலே அருங்காட்சியகத்தில் தெமார்த்தோவின் வரவேற்பறையைப் பாருங்கள். பூஷே, ஃப்ராகொனார், ஹுவே மூவரும் அவருக்காகத் தீட்டியது.