டிக்கியைச் சாத்தினால் ஷார்ட்

மார்ச் 4
பார்க் லைட் எரியவில்லை. ஹெட்லைட்டுக்கு ஒன்றுமில்லை, ஆனால் மீட்டர் போர்டு இருட்டு, பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை. என் காரில் இதெல்லாம் ஒரே ஃபியூஸ். சிவப்பு நிற 10 ஆம்பியரைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே கம்பி அறுந்து கரி படிந்திருந்தது. புதிதாக ஒன்று போட்டேன், எரிந்தது. பழசாகிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஃபியூஸ் சும்மா போகாது என்று தெரியும், சோம்பல்தான்.

மார்ச் 6
மறுபடியும் போயிற்று. அடுத்ததைப் போட்டு சுவிட்சைத் திருப்பியதுமே அதுவும் காலி. கூட இருந்த நண்பர், பச்சை 30 ஆம்பியரைப் போட்டுப் பாரேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது! ஆனால் அந்த மெல்லிய வயரைக் காப்பாற்றத்தானே 10 ஆம்பியர் வைத்திருக்கிறார்கள், ஃபியூஸ் எரியாமல் நின்றால் வயர் எரியும், அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில், நமக்குத் தெரியாமல்.

மார்ச் 7
ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இரண்டு வயர் வைத்து மாட்டினேன். எங்காவது வயர் கார் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆனால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்டும் 2 ஆம்பியரைத் தாண்டாது, ஃபியூஸும் மிச்சம். மாட்டியதும் அரைகுறையாக எரிந்தது. ஷார்ட் சிக்கிவிட்டது என்று அரை மணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்த பிறகுதான் உறைத்தது, பார்க் லைட் பல்புகளையே நான் கழற்றவில்லை, கரண்ட் அவற்றின் வழியாகப் போகிறது. நம்பர் பிளேட் விளக்கு வரை எல்லாவற்றையும் கழற்றினேன். மீட்டர் போர்டு மட்டும் பாக்கி, அதனால் பல்பின் இழையில் லேசான சிவப்பு. ஷார்ட்டைக் காணோம்.

மார்ச் 9
வயர் போகும் வழியெல்லாம் இழுத்து, ஆட்டி, தட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. வெறுத்துப்போய் டிக்கியைச் சாத்தினேன், முன்னால் பல்பு பளிச்சென்று எரிகிறது. திறந்தால் மங்குகிறது. சாத்தினால் பளிச். நம்ப முடியாமல் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன்.

கீல் பக்கத்தில் வயர்களை மூடியிருக்கும் ரப்பர் குழாய், தகட்டு ஓட்டையிலிருந்து நழுவிக் கிடந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் தகட்டின் கூர் விளிம்பு வயரைத் தேய்த்திருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கு வயரில் நகக்கண் அளவுக்கு உறை போய், செம்பு பச்சை பூத்திருந்தது. எதிரே பெயின்டில் மிளகு அளவு கருப்புப் புள்ளி, தீப்பொறி பட்ட இடம்.

மார்ச் 10
முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். தேய்ந்த துண்டை வெட்டி, மடங்குகிற இடத்தில் ஒட்டு வராதபடி கொஞ்சம் நீளமான வயரைச் சேர்த்து ஈயம் வைத்தேன். வைத்து முடித்த பிறகு பார்த்தால், ஒட்டை மூட முதலிலேயே வயரில் கோர்த்திருக்க வேண்டிய ஸ்லீவ் மேஜைமேல். அப்புறம் என்ன, பிரித்து முதலிலிருந்து. பக்கத்து வயரும் பாதி தேய்ந்திருந்தது, அதையும் சரிசெய்தேன், இரண்டு ஒட்டும் அருகருகே வராமல் தள்ளித் தள்ளி. ரப்பரைத் திரும்ப ஓட்டையில் உட்காரவைப்பதற்குள்தான் கட்டைவிரல் போய்விட்டது.

அதே சிவப்பு 10 ஆம்பியர். டிக்கியை இருபது தடவை அடித்துச் சாத்தினேன், ஃபியூஸ் எரியாமல் நின்றது. நம்பர் பிளேட் விளக்கு மட்டும் எரியவில்லை. ஒரு நிமிடம் பகீரென்றது. பல்பு சட்டைப்பையில் இருந்தது.