எண்ணெயோடு திரும்பி வருபவை

லித்தியம் பேட்டரியின் இரு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் நுண்துளை ஃபிலிமான செப்பரேட்டரை ஈரமுறையில் (எண்ணெய் கலந்து) தயாரிக்கும்போது, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடருக்குள் பாலிஎதிலீனைவிட பாரஃபின் எண்ணெய்தான் அதிகம் போகும். ஃபிலிமை இழுத்த பிறகு அந்த எண்ணெயை மெத்திலீன் குளோரைடு என்ற சால்வென்டில் (கரைப்பானில்) கழுவி எடுக்கிறோம். எண்ணெய் இருந்த இடம்தான் நுண்துளை. எண்ணெய், சால்வென்ட் இரண்டையும் மீட்காவிட்டால் தொழில் கட்டுப்படியாகாது.

பிரிப்பது சுலபம். சால்வென்ட் 40 டிகிரியில் கொதித்துவிடும், எண்ணெய்க்கு 300 டிகிரி வேண்டும். கஷ்டமெல்லாம் கடைசி ஒரு சதவீதத்தில். எண்ணெயில் சால்வென்ட் தங்கிவிட்டால் 200 டிகிரி எக்ஸ்ட்ரூடரில் குமிழி கட்டும், ஃபிலிமில் ஓட்டை விழும். சால்வென்ட் சிதைந்து அமிலமானால் ஃபிலிம் வெளிவரும் டை உதட்டையே அரித்துவிடும். வெற்றிடத்தில், மெல்லிய படலமாக எண்ணெயை ஓடவிட்டால்தான் சால்வென்ட் வெளியேறும். வெற்றிட லைன் ஃபிளாஞ்சில் (குழாய் இணைப்பில்) காற்று கசிந்தால் எண்ணெய் மஞ்சளாகும். புது எண்ணெய் கலந்து நிறத்தை மறைப்பார்கள். கசிவு அப்படியே இருக்கும்.

நிறத்தைவிட மெழுகுதான் தொல்லை. பாலிஎதிலீனின் குட்டைச் சங்கிலிகள் எண்ணெயில் கரைந்து ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். சூடாக இருக்கும்போது எண்ணெய் தெளிவாகத்தான் தெரியும். கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், கலங்கிவிடும். சூட்டில் வடிகட்டினால் மெழுகு தப்பிவிடும். எண்ணெய் ஆறிய பக்கம்தான் ஃபில்டர் இருக்க வேண்டும். அடிக்கடி அடைத்தால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

காற்றோடு போகும் சால்வென்ட் ஆவியைக் கார்பன் பெட் (கரித்தூள் படுகை) பிடிக்கும், நீராவி விட்டு மீட்கலாம். குளிர்ந்ததைப் பிரிக்கும் தொட்டியான டிகாண்டரில் தண்ணீர் மேலே, சால்வென்ட் கீழே நிற்கும். அந்தத் தண்ணீரில் ஒரு சதவீதத்துக்கு மேல் சால்வென்ட் கரைந்திருக்கும் என்பதால் அதை ஆவியாக்கி நீக்கும் ஸ்ட்ரிப்பர் வழியாகத்தான் வெளியே விட வேண்டும். தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) தினமும் பார்க்கத்தக்கது. அது இறங்கினால் சால்வென்ட் சிதைந்து அமிலமாகிறது, சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர் தீர்கிறது என்று அர்த்தம். எத்தனால் வகை ஸ்டெபிலைசர் தண்ணீரோடேயே போய்விடும். அப்போது துருப்பிடிக்காத 316 ஸ்டீலிலும் குழி விழும். நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் சால்வென்டில் உப்பிவிடும், டெஃப்லான் போடுங்கள்.

இந்த ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனமானது. பம்ப் குழியில் தேங்கி உயிருக்கு ஆபத்தான 2,300 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 2,300 பங்கைத்) தொட்டாலும் ஆக்சிஜன் மீட்டர் ஏறக்குறைய வழக்கமான 20.9 சதவீதம்தான் காட்டும். சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லாமல் யாரையும் குழியில் இறக்கக் கூடாது.