குண்டுக்கு தத்துவம் சொல்லிக் கொடுத்த கதை

சிரிக்கிற மாதிரி சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஏதாவது சொல்லுன்னு கேட்டா எல்லாரும் மென் இன் பிளாக், பேக் டு தி ஃப்யூச்சர்னு ஆரம்பிச்சிடுவாங்க. ரெண்டும் நல்ல படம்தான், நானே எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா அதச் சொல்ல நான் எதுக்கு, அதனால கொஞ்சம் தள்ளி இருக்கறத சொல்றேன்.

முதல்ல ஒரு ஜப்பான் படம், பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ், 2020ல வந்தது. மொத்தமே 70 நிமிஷம்தான். ஒருத்தன் கீழ கஃபே நடத்துறான், மாடியில வீடு. வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல அவன் மூஞ்சியே தெரியுது, நான்தான் நீ, ரெண்டு நிமிஷம் கழிச்சு இருக்கற நீன்னு பேசுது. கீழ இருக்கற டிவிக்கும் மேல இருக்கற ஸ்க்ரீனுக்கும் ரெண்டு நிமிஷ வித்தியாசம், அவ்ளோதான் மொத்த சயின்ஸும். இப்ப இவன் கீழ ஓடிப்போய் டிவி முன்னாடி நின்னு அதே டயலாக்க தனக்கே சொல்லியாகணும். அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் வந்து ரெண்டு ஸ்க்ரீனையும் கண்ணாடிக்கு கண்ணாடி வைக்கற மாதிரி எதிரெதிரா வைக்கறாங்க, நாலு நிமிஷம் ஆறு நிமிஷம்னு பின்னாடி நடக்கப்போறதெல்லாம் வரிசையா தெரிய ஆரம்பிக்குது. ஸ்க்ரீன்ல பாத்துட்டோமே, இனி புடிக்கலன்னாலும் அத செஞ்சுதான் ஆகணும்னு அவனவன் ஹோம்வொர்க் பண்ற மாதிரி பண்ற கூத்து இருக்கே! இதெல்லாம் ஒரே ஷாட்ல எடுத்த மாதிரி வேற ஓடும்.

இந்த மாதிரி ரூல் கறாரா இருக்கறதுதான் எனக்குப் புடிக்கும். கேலக்ஸி க்வெஸ்ட் (1999) அப்படித்தான். எப்பவோ நின்னுபோன ஸ்பேஸ் சீரியல்ல நடிச்சவங்க ரசிகர் கூட்டத்துல கையெழுத்து போட்டு பொழைக்கறாங்க, அவங்கள தேடி நெஜ ஏலியன் வருது. அந்த ஏலியன்களுக்கு பொய்னா என்னன்னே தெரியாது, சீரியல வரலாறுன்னு நம்பி கப்பல அப்படியே கட்டி வச்சிருக்காங்க. அப்படியேன்னா அப்படியே. நடுவுல ஆள நசுக்கற மெஷின் ஓடற ஒரு வராண்டா, எதுக்குன்னே தெரியாது, ஏதோ ஒரு எபிசோட்ல இருந்துச்சு அவ்ளோதான். அந்த நடிகர்கள்ல ஒருத்தரா வர்ற ஆலன் ரிக்மேனுக்கு ஏலியன் வேஷத்துக்காக தலையில ரப்பர், வாயில அவருக்கு புடிக்கவே புடிக்காத ஒரு பஞ்ச் டயலாக், படம் பூரா அத சொல்ல சொல்ல எரிஞ்சு விழுவாரு, ஆனா ஒரே ஒரு இடத்துல மனசார சொல்லுவாரு பாருங்க, அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த எனக்கு தொண்ட அடைச்சுப் போச்சு.

ஸ்டார் வார்ஸ கிண்டல் பண்ற ஸ்பேஸ்பால்ஸ் (1987) எனக்கு அவ்வளவா ஒட்டல. வில்லன் கோஷ்டி தங்களோட படத்து கேசட்டையே போட்டுப் பாக்கற சீனுக்காக மட்டும் ஒரு தடவ பாக்கலாம். தமிழ்ல இன்று நேற்று நாளை (2015) பாக்காதவங்க இருந்தா பாத்துடுங்க, டைம் மெஷின் கெடச்சும் தொலஞ்சுபோன பொருள கண்டுபிடிச்சுக் குடுத்து காசு பாக்கறானுங்க.

சீரியல்னா ஃப்யூச்சராமாங்கற கார்ட்டூன். 2010ல வந்த தி ப்ரிஸனர் ஆஃப் பெண்டா எபிசோட்ல ஆளுக்கு ஆள் உடம்பு மாறிக்கறாங்க, ஒரு தடவ மாறின ஜோடி மறுபடி மாற முடியாது. அப்ப எல்லாரும் எப்படி பழைய உடம்புக்கு வர்றது? எழுதின கென் கீலர் கணக்குல பிஎச்டி வாங்கினவரு, எவ்ளோ கலஞ்சாலும் வெளிய இருந்து ரெண்டு பேரு வந்தா போதும்னு ஒரு தேற்றமே நிரூபிச்சு கதையில வச்சுட்டாரு. ஒரு காமெடிக்கு இவ்ளோ மெனக்கெடணுமா!

பிபிசியோட ஸ்பேஸ்ஷிப் சீரியல் ரெட் ட்வார்ஃப் (1988), செட்டெல்லாம் ஓட்டையா இருக்கும், கண்டுக்காதீங்க. முப்பது லட்சம் வருஷம் கழிச்சு முழிக்கற கடைசி மனுஷனுக்கு தொணைக்கு கம்ப்யூட்டர் யார உயிர்ப்பிக்குதுன்னா, அவனுக்கு ஆகவே ஆகாத ரூம்மேட்ட. ஹோலோகிராமா வேற, அடிக்கக்கூட முடியாது.

டார்க் ஸ்டார் (1974) மட்டும் கடைசியா வச்சுக்கோங்க. டைரக்டர் ஜான் கார்பென்டரோட முதல் படம், கைக்காசு அளவு பட்ஜெட், ஏலியனே ஒரு பீச் பால்தான். மெதுவாத்தான் போகும், என் ஃப்ரெண்ட் பத்தே நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டான். ஆனா ஸ்பேஸ்ஷிப்ல மாட்டிக்கிட்டு வெடிச்சே தீருவேன்னு அடம்புடிக்கற குண்டுகிட்ட ஒருத்தன் போய், உனக்கு ஆர்டர் வந்துச்சுன்னு உனக்கு எப்படி நிச்சயமா தெரியும்னு தத்துவம் பேசுவான், குண்டு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு சரி, இதப் பத்தி நான் சிந்திக்கணும்னு திரும்பி உள்ள போயிடும். அப்புறம் அது சிந்திச்சு என்ன முடிவுக்கு வருதுன்னு நான் சொல்லமாட்டேன்.