தோட்டத்து மேடைக்கு வயர்லெஸ் கித்தார்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோவில்களின் திருவிழா மேடைகளில் கித்தார் வாசிக்கும் எனக்கு, ஆறு மீட்டர் வயர் போதவில்லை என்ற குறை ஒருநாளும் இருந்ததில்லை. பாட்டுக்கு நடுவே பொன்னாடை போர்த்த மேடையேறுகிறவர்கள் அந்த வயரில் கால் தடுக்கி விழப் பார்ப்பதுதான் கித்தார் ஒலியை வயரின்றி ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்பும் டிஜிட்டல் வயர்லெஸ் பக்கம் என்னைத் திருப்பியது.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது அது எத்தனை மீட்டர் எட்டும் என்பதைத்தான். நம் மேடைகளின் அகலத்துக்கு அந்தக் கணக்கு அவசியமில்லை. நான் அஞ்சியது தாமதத்துக்கு. கம்பியின் ஒலி எண்களாக மாறி, காற்றில் கடந்து, மறுபடி ஒலியாவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பாஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்-20 கருவிக்கு அது 2.3 மில்லிவினாடி; ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஆம்ப்பைவிட்டு ஓர் எட்டு தள்ளி நிற்பதற்கு ஒப்பான தாமதம்தான் இது. ஆனால் டிஜிட்டல் எஃபெக்ட், டிஜிட்டல் மிக்சர் ஆகியவையும் தத்தம் பங்கைச் சேர்க்கும் என்பதால், வயர்லெஸ்ஸின் தாமதத்தை மட்டும் தனியே பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஒலியின் குணமும் மாறும். பேட்டரி இல்லாத சாதாரணப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) உள்ள கித்தாரில், வயரின் மின்தேக்கம் உச்ச ஒலிகளைச் சிறிது மழுக்கிவிடும். பல ஆண்டுகளாக நம் காது பழகியிருப்பது அந்த மழுங்கலுக்குத்தான். வயரை எடுத்துவிட்டால் ஒலி கூர்மையாகக் குத்துகிறது. டபிள்யூஎல்-20 அந்த வயர்த் தன்மையைச் செயற்கையாகச் சேர்க்கிறது; அதன் இணைக் கருவியான டபிள்யூஎல்-20எல் சேர்ப்பதில்லை, ஆகவே பேட்டரியுள்ள அக்கூஸ்டிக் கித்தாருக்கு அதுவே ஏற்றது.

விலை மலிவு என்று இணையத்தில் தொலைக்காட்சி அலைவரிசைப் பகுதியில் இயங்கும் பழைய யூஎச்எஃப் வயர்லெஸ் கருவிகளைத் தேடுபவர்கள், அலைவரிசையைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். மலேசியாவில் 2019 அக்டோபர் 31-உடன் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறைவுற்று, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசி இணையத்துக்குப் போய்விட்டதால், அந்தப் பகுதியில் இயங்கும் கருவியை வாங்கிப் பயனில்லை.

டிஜிட்டல் கருவிகள் பலவும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் தொல்லை உண்டு என்பதைச் சென்ற ஆண்டுத் திருவிழாவில் கற்றுக்கொண்டேன். மாலைச் சோதனையில் ஒரு குறையும் இல்லாத இரவல் கருவி, கூட்டம் நிரம்பிய பின் இரண்டாம் பாட்டின் சரணத்தில் துண்டுதுண்டாக அறுந்தது. "அண்ணே, கித்தார் வரலண்ணே!" என்று மிக்சரிலிருந்து தம்பி கையசைத்தார். தரையில் கிடந்த ரிசீவருக்கும் (அலையை வாங்கும் பகுதி) என் இடுப்பிலிருந்த டிரான்ஸ்மிட்டருக்கும் (அலையை அனுப்பும் பகுதி) நடுவே நான்கு பாடகர்கள் நின்றிருந்தார்கள். நீர் நிறைந்த மனித உடல் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். போதாக்குறைக்கு, மிக்சரை டேப்லெட்டில் இயக்குவதற்கான வைஃபை ரவுட்டர் ரிசீவரை ஒட்டியே இருந்தது, அதுவும் அதே 2.4-இல்! அன்றிரவு மீதிப் பாட்டுகளுக்குப் பழைய வயரே கைகொடுத்தது.

ஆகவே நான் வாங்கியது, ரிசீவரைத் தனியே கழற்றி மைக் ஸ்டாண்டில் உயரமாகப் பொருத்தக்கூடிய ஒன்றை. மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். தம்பியும் ரவுட்டரை மேடையின் மறுகோடிக்கு நகர்த்தி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்.