ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக்கெடுப்பு: அயர்லாந்தை வைத்துப் படித்தது

இந்தத் தலைப்பில் கேள்வி வந்தால் பலரும் பிரெக்ஸிட்டை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எம்.ஏ. அரசியல் அறிவியல் தேர்வுக்கு நான் அயர்லாந்தைப் பிடித்துக்கொண்டேன். அதை ஆழமாகப் படித்தால் தலைப்பில் பாதி கைக்கு வந்துவிடும்.

ஒன்றியத்தின் பெரிய ஒப்பந்தங்களுக்கு அயர்லாந்து ஏன் மக்களிடம் போகிறது? ரேமண்ட் குரோட்டி என்ற அயர்லாந்துப் பொருளியலாளர் தொடுத்த வழக்கில் 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படியுங்கள். ஒப்பந்தம் இறையாண்மையைக் கட்டுப்படுத்தினால் அரசமைப்பைத் திருத்த வேண்டும். அங்கே திருத்தம் என்றாலே வாக்கெடுப்புதான். ஜெர்மனியோ நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொள்கிறது.

நோட்டில் மூன்று பத்தி போட்டேன். இடப்பக்கம் முதல் வாக்கெடுப்பு, வலப்பக்கம் இரண்டாவது, நடுவில் அகலமாக ‘இடையில் என்ன நடந்தது’. மதிப்பெண் அந்த நடுப்பத்தியில்தான் இருக்கிறது. ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001-இல் சுமார் 54 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2002-இல் சுமார் 63 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. அயர்லாந்தின் ராணுவ நடுநிலைமை பற்றி ஓர் அறிவிப்பு வந்தது, வாக்களித்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 49-க்கு ஏறினார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் கதை வேறு. 2008-இல் தோற்ற பிறகு வரி, கருக்கலைப்பு, நடுநிலைமை மூன்றுக்கும் உத்தரவாதம் கிடைத்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் நாட்டுக்கு ஓர் ஆணையர் என்பதும் நீடித்தது. நடுவே நிதி நெருக்கடியும் வந்து அயர்லாந்தை உலுக்கியது. 2009-இல் 67 சதவீதம் ஆதரவு. ‘ஆம் என்னும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்’ என்ற கேலி நீஸுக்குப் பொருந்தும். லிஸ்பனுக்கு முழுசாகப் பொருந்தாது என்பது என் கணிப்பு.

அப்புறம், 2005-இல் ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தைப் பிரான்சும் நெதர்லாந்தும் நிராகரித்தபோது யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அதன் பெரும்பகுதியை லிஸ்பனில் சேர்த்து, அந்த நாடுகளின் நாடாளுமன்றங்களிலேயே நிறைவேற்றினார்கள். பிரான்சை அயர்லாந்து மாதிரி மறுபடி வாக்கெடுப்புக்கு அனுப்ப முடியுமா? இந்த ஒப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றியம் முழுவதற்குமான வாக்கெடுப்பு என்று ஒன்று கிடையாது என்பதை விடையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சட்டம் கொண்டுவரச் சொல்லி மக்களே ஆணையத்திடம் கேட்கும் குடிமக்கள் முன்முயற்சி உண்டு: 10 லட்சம் கையெழுத்து வேண்டும், குறைந்தது 7 நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்ட வேண்டும். ஆனால் ஆணையம் பதில் சொன்னால் போதும், சட்டம் கொண்டுவந்தே ஆக வேண்டியதில்லை.

இதே மூன்று பத்தியில் டென்மார்க்கையும் (மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த வாக்கெடுப்புகள், 1992, 1993) போட்டுப் பாருங்கள். நடுப்பத்தியில் வர வேண்டியவை டென்மார்க்குக்குக் கிடைத்த நான்கு விலக்குகள்: யூரோ, பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை.