தறி நின்ற இடத்தில் ஸ்பீக்கர்

"உள்ள ஈ ஏதாச்சும் மாட்டிக்கிச்சா கண்ணு?" என்று அம்மாதான் முதலில் கேட்டார். பாடுகிறவர் கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் அழுத்தினால் போதும், வலது ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். எனக்கும் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

என்னுடையது பேனல் ஸ்பீக்கர். பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது. ஐந்தடி உயரம், ஒன்றரை அடி அகலம், கனம் இரண்டு அங்குலம்கூட வராது. துணி போர்த்திய தட்டி என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். துணிக்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய மைலார் என்ற பிளாஸ்டிக் தாள், அதன்மேல் நெடுக ஒட்டிய கம்பி இழைகள், பக்கத்திலேயே காந்தப் பட்டைகள். கம்பியில் ஆம்ப்ளிஃபயரின் மின்சாரம் ஓடும்போது காந்தத்துக்கு எதிரே தாள் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவுதான் பாட்டு.

இதற்கு மூத்தது எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை. பீட்டர் வாக்கர் 1957-இல் கொண்டுவந்த க்வாட் ஸ்பீக்கர் இன்றும் பேசப்படுகிறது. அதில் காந்தம் இல்லை. தாளுக்குப் பல ஆயிரம் வோல்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். அதனால் தூசியைச் சுண்டி இழுக்கும், ஈரக்காற்றும் ஆகாது. நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டை. தெருவில் விசைத்தறி ஓடினால் ஜன்னல் கம்பியில் பஞ்சு படியும். அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். வோல்ட்டுக்குப் பதில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டவர்களில் பெரிய பெயர் ஜிம் வைனி. 3எம் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தவர், 1969-இல் மேக்னபேன் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கினார். என் ஜோடி காந்த வகைதான், ஆனால் வேறு தயாரிப்பு. பெயர் இங்கே வேண்டாம்.

ஏற்காட்டில் ஒரு பெரியவரின் பழைய பங்களாவில் கிடந்தது. பவானி ஜமுக்காளத்தில் சுற்றி, குட்டியானையில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வந்தேன். எத்தனை மழைக்காலம் பனிமூட்டம் அந்த அறைக்குள் வந்துபோனதோ, அதை அப்போது யோசிக்கவில்லை.

முதல் ஆறு மாதம் சண்டை இடத்துக்காக. இந்த ஸ்பீக்கர் முன்னால் பாடும் அதே அளவுக்குப் பின்னாலும் பாடும். சுவரை ஒட்டி வைத்தால் பின்பக்கச் சத்தம் உடனே திரும்பி வந்து முன்பக்கத்தோடு குழம்பி, எல்லாம் கஞ்சி ஆகிவிடும். ஓரடி தள்ளினேன், இரண்டடி தள்ளினேன், சரிவரவில்லை. நாலடி தள்ளியதும் பாடுகிறவர் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்தார், அப்படித்தான் சொல்ல வேண்டும். நாலடி போய் நாலடி திரும்ப ஒலிக்குச் சுமார் ஏழு மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளி கிடைத்தால் காது இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. "நாலடியில ஒரு கட்டிலே போடலாமே" என்றார் அம்மா. பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர்களுக்கு இந்த ஸ்பீக்கரை நான் சொல்லவே மாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா வெண்பட்டு வேட்டி நெய்த தறிக்கூடம் இருக்கிறது, இருபத்திரண்டு அடி நீளம். தறிக்குழியை மூடிய சிமெண்டுத் திட்டு ஒன்று தரையில் தனி நிறத்தில் தெரியும். வலது ஸ்பீக்கர் அதன் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை, பக்கவாட்டில் இதற்குச் சத்தமே குறைவு. முன்னலையும் பின்னலையும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சமையலறைக் கதவு சரியாக அந்த ஓரத்தில். நான் கூடத்தில் நல்ல சத்தத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன், ஆறடி தூரத்தில் தாளித்துக்கொண்டிருக்கும் அம்மா "கொஞ்சம் சத்தமா வைடா" என்பார். பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் குழப்பம் இதனாலேயே குறைகிறது, அது லாபம். நஷ்டம் பாஸ் என்கிற கனத்த கீழ் ஒலிகளில். அவையும் அதே போல ஓரத்தைச் சுற்றி வந்து கரைந்துபோகும். குரல், வீணை, தம்பூரா எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வருகிற உணர்வே இல்லாமல் வரும், தம்பூராவின் கார்வை அறை முழுக்க நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனமாக ஒலிக்கும் இடது பக்கம், இளைத்துவிடும். ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பம்பை அடிப்பதை நெஞ்சில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து இதில் பம்பை கேட்டால், யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். பாஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்று இரவல் வாங்கி வைத்தேன். அது தனியாக, இவர்கள் தனியாக வாசித்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் செலவையும் சொல்லிவிட வேண்டும். இதன் மின்தடை நாலு ஓம்தான், அதனால் ஆம்ப்பிடமிருந்து மின்சாரத்தை நிறைய இழுக்கும்; அதோடு கொடுக்கிற சக்திக்கு வருகிற சத்தமும் குறைவு. என் பழைய ஆம்ப் அரைமணியில் தோசைக்கல்லாகச் சுட்டது. கடைசியில் ஆம்ப்புக்குக் கொடுத்த காசு ஸ்பீக்கரின் விலையைத் தாண்டிவிட்டது. நாற்காலியும் ஒன்றுதான் போட முடியும். ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தால் பாடுகிறவரும் நகர்ந்துவிடுவார்.

சரி, ஈக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைப் படுக்கவைத்து, பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, துணியைப் பிரித்தேன். கீழ் ஓரத்தில் பசை பொடிந்து, ஒரு சாண் நீளத்துக்கு நான்கு கம்பிகள் தாளைவிட்டு எழும்பி நின்றன. தாள் அசையும்போது கம்பி அதன் மேல் தட்டியதுதான் அந்த இரைச்சல். என் கை நடுங்கியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்த அம்மா, "பாவு மாதிரியே இருக்குதே" என்றார். தறியில் நெடுக ஓடும் இழைகளைத்தான் பாவு என்போம். நாற்பது வருஷம் அறுந்த பட்டு இழையைப் பிணைத்த கை. பழைய பசையை பஞ்சால் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் நீவி அதன் தடத்தில் படுக்கவைத்தார். நான் மெல்லிய பிரஷ்ஷில் பசையைத் தடவிக்கொண்டே வந்தேன். "கஞ்சி போடறாப்பல லேசா தடவு, தேங்கவிடாத" என்று அதட்டல் வேறு. இரண்டு நாள் காயவிட்டு நிமிர்த்தினோம். ஈ போய்விட்டது.

அம்மாவுக்கு அன்றிலிருந்து அந்த ஸ்பீக்கர் மேல் உரிமை வந்துவிட்டது. மழை நாளில் ஈரச் சேலையைப் பேனல் மேல் காயப்போடுகிறார், வயலின் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிறது. போன வாரத்திலிருந்து இடது பக்கத்திலும் லேசாக 'ஙொய்' கேட்கிறது. மழை விடட்டும் என்று பசையை எடுத்து வைத்திருக்கிறேன்.