கார்டு யார் கையில

ஜூன் 19
தூக்கம் நாலு மணி நேரம். எழுதிட்டேன்.

ஜூன் 20
மாத்திரை வரிசை முடிஞ்சு எல்லாரும் வேப்பமரத்தடியில உக்காந்தோம். என்னை மாதிரியே பைபோலார்ங்கிற மனசு ஏறி இறங்குற நோய் உள்ள அக்கா பழைய நோட்டைப் பிரிச்சாவ. இடது பக்கம் தூக்கம், வலது பக்கம் செலவு. ஏழு, ஏழு, ஆறுன்னு போகும்போது எதிர்ல பால், சோப்பு, பஸ். மூணு, ரெண்டுன்னு இறங்கின இடத்துல 'கிரைண்டர் முன்பணம்'. தெருவுக்கே தவணையில கிரைண்டர் வாங்கிக் கொடுத்திருக்காவ! அவங்களே சிரிச்சதால நாங்களும் சிரிச்சோம். இதையே டாக்டரம்மா சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன்.
"பணம் பிறகுதாம்ட்டி ஓடும், தூக்கம்தான் முதல்ல ஓடும்."

ஜூன் 21
என் ஏடிஎம் கார்டு இன்னும் அண்ணன்கிட்டதான்.

ஜூன் 24
லித்தியம் மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து கை நடுங்குது. பீடியில தூள் நிக்க மாட்டேங்குது, கடையில கழிச்சுப் போடுறாங்க. மிச்சக் கூலி என் கணக்குலதான் விழுது. ஆனா நாப்கின் வாங்க அண்ணன்கிட்ட நிக்கணும். எதுக்குன்னு கேட்டான். மைனி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ராத்திரி முழுக்க அந்த 'எதுக்கு'தான்.

ஜூன் 26
அக்கா ஒரு தாள் கொடுத்தாவ. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு: சொந்தப் பணத்தைத் தானே நிர்வகிக்க, பேங்க்ல கடன் வாங்க, மத்தவங்களுக்கு உள்ள உரிமை நமக்கும் உண்டு. மனநோயும் அந்தச் சட்டத்துல சேர்த்தி. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டதால எல்லாம் தன் பொறுப்புன்னு அண்ணன் நினைக்கான். 2017 மனநலச் சட்டத்துல வர்ற நியமனப் பிரதிநிதி வைத்தியத்துக்கு மட்டும்தான், அது யாருன்னும் வெள்ளைத்தாள்ல நாமளே எழுதிக் கொடுக்கலாம்னு அக்கா சொன்னாவ. உடனே, "அவனைத் திட்டாத, படுத்துக் கிடந்தப்ப மருந்துக்கு அவந்தான கொடுத்தான்"ன்னும் சொன்னாவ.
ரெண்டும் சரிதான். அதான் எரிச்சல்.

ஜூன் 30
நெல்லையப்பர் கோயில்ல கொடியேத்தம். மனசு குஷியா இருக்கு. இது நல்ல குஷியா, மத்த குஷியா?

ஜூலை 2
அடகு வச்சிருந்த செயினுக்கு ஏல நோட்டீஸ். அக்கா கூட வந்தாவ. கவுன்டர்ல இருந்தவர் என்னைப் பார்க்கவே இல்ல, "இவங்களுக்கு என்ன வேணுமாம்?"னு அக்காவைக் கேட்டார். "அவளைக் கேளுங்க சார், பேசுவா"ன்னுட்டு பெஞ்சுல போய் உக்காந்துட்டாவ. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாமான்னு கேட்டேன். வைக்கலாமாம்.

ஜூலை 5
அண்ணனை உக்கார வச்சு போன்லயே காட்டினோம். கார்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாதான்னு கட்டுப்பாடு வைக்கலாம், ஆன்லைனை அணைக்கலாம், கார்டையே அணைக்கலாம். 2020லேர்ந்தே ரிசர்வ் வங்கி சொல்லி இந்த வசதி இருக்கு. ரெண்டு ராத்திரி தூக்கம் நாலுக்குக் கீழ போனா அக்காவுக்கு போன் பண்ணிட்டு நானே அணைச்சிருவேன்னு சொன்னேன்.
"பாப்போம்"னான்.

ஜூலை 7
தூக்கம் அஞ்சு.

ஜூலை 8
தேர். ரதவீதி முழுக்கக் கூட்டம். அண்ணன் நூறு ரூபா கொடுத்தான். வாங்கிக்கிட்டேன், ஒண்ணும் வாங்கல.

ஜூலை 10
அக்கா ரெண்டு நாளா போன் எடுக்கல. இன்னைக்கு எடுத்தாவ. பேச்சு வேகமா இருந்துச்சு. தூக்கம் எவ்வளவுக்கான்னேன். பதிலே இல்ல. பிறகு, "மூணு".
"கார்டை அணைங்கக்கா."
"நீயாட்டி சொல்லுத?"
நாளைக்குக் காலைல நேர்ல போறேன். சாதா டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அண்ணன்கிட்ட கேக்க வேண்டாம்.